மூன்று மணிக்குக் காட்டைப் பூட்டுகிறவர்களுக்கு

காப்புக்காட்டு நிர்வாகத்தாருக்கும், அதற்கு மேலே இருக்கும் மேலாண்மைக் குழுவினருக்கும்,

உங்கள் வாசலில் தொங்கும் அறிவிப்பைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஒரு ஏ4 தாள். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, கேபிள் டையால் கேட் கம்பியில் கட்டியிருக்கிறீர்கள். உறைக்குள் மழைத் தண்ணீர் இறங்கி, கீழே இருந்த எழுத்தெல்லாம் நீலமாகக் கரைந்து கிடக்கிறது. படிக்க முடிந்த வரை இவ்வளவுதான்: பகலில் வந்து போகிறவர்கள் இரண்டு நாள் முன்னதாகவே இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். வாசலில் ரொக்கம் வாங்கமாட்டார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு எல்லோரும் வெளியேறிவிட வேண்டும். உள்ளே எங்கும் அடுப்பு மூட்டக் கூடாது. இரவு தங்குபவர்களுக்கு இந்த விதிகள் பொருந்தா என்ற வரி தடித்த எழுத்தில் இருந்ததால், அது மட்டும் மழைக்குத் தப்பியிருக்கிறது.

இந்த விதிகளால் வெளியே நிறுத்தப்பட்டவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியாது என்றே நினைத்துக்கொள்கிறேன். தெரிந்துதான் செய்தீர்கள் என்றால் இந்த மடலின் தொனி வேறாக இருந்திருக்கும்.

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் வசிப்பவள். எங்கள் வீட்டில் நெடுஞ்சாலையில் கார் ஓட்டத் துணிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் அம்மா, பெரியம்மா, மாமா, பக்கத்து வீட்டு ஆயா என்று யாருக்குக் கொஞ்சம் பச்சை பார்க்க வேண்டும் என்று தோன்றினாலும் என்னிடம்தான் வருவார்கள். காரில் இடம் போதாவிட்டால் கோயில் கமிட்டிக்காரர் ஒருவரின் காம்பி வேனையும் பேசிக்கொள்வோம். உங்கள் காடு எங்களுக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேருகிற தூரம். காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம். அதுதான் அதன் அருமை.

ஏன் பகலில் மட்டும் வருகிறீர்கள், ஒரு ராத்திரி தங்கினால் இந்தத் தொல்லை எதுவும் இல்லையே என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் தொலைபேசியில் என்னிடம் நல்லெண்ணத்தோடுதான் கேட்டார். அவர் சின்ன வயதுக்காரர் என்று குரலிலேயே தெரிந்தது. அவருக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

என் அம்மா மேகசின் பாரக்ஸில் பிறந்தவர். நகராட்சியில் வேலை பார்த்த இந்தியக் குடும்பங்களை ஒரே வளாகத்தில் நெருக்கிக் குடிவைத்திருந்த இடம் அது. 1960-களில் அங்கிருந்தவர்களைக் கிளப்பிச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். கடற்கரையில் எந்தப் பக்கம் நமக்கு, பூங்காவில் எந்தப் பெஞ்சு நமக்கு என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த தலைமுறை அது. இப்படி நிறம் பார்த்து இடம் பிரித்த, 1953-இல் வந்த தனித்தனி வசதிகள் சட்டம் 1990-இல்தான் நீக்கப்பட்டது. க்ரூகர் தேசியப் பூங்காவில் வெள்ளையர் அல்லாதவர்கள் இரவு தங்குவதற்குப் பலூலே என்ற சிறிய முகாமைத்தான் காட்டினார்கள். மின்சாரம் இல்லாத முகாம். இன்றைக்கும் அங்கே மின்சாரம் கிடையாது. டிராகன்ஸ்பெர்க் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் இந்தியர் குடியிருக்க 1891-இல் போட்ட தடை 1986 வரை இருந்தது. மலையைத் தாண்டிப் போய் ஓர் இரவு தங்கிப் பார்க்கலாம் என்ற யோசனை எங்கள் தாத்தாவுக்கு ஒருநாளும் வந்திருக்காது.

இரவு இல்லை என்று ஆனதால் எங்கள் பெரியவர்கள் பகலைப் பிடித்துக்கொண்டார்கள். விடியுமுன் எழுந்து சமைத்து, பானையோடு கிளம்பி, யாரும் விரட்டாத இடமாகப் பார்த்துத் துப்பட்டியை விரித்து, சாப்பிட்டு, பொழுது சாயும்போது திரும்பிவிடுவார்கள். காசு இல்லாததும் ஒரு காரணம்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் காசு வந்த பிறகும், சட்டம் போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. பன்னிரண்டு பேர் கொண்ட குடும்பம் உங்கள் மர வீடுகளில் தங்க வேண்டுமென்றால் மூன்று வீடு எடுக்க வேண்டும். அந்த வாடகை ஒரு மாத மளிகைச் செலவைத் தாண்டும். வாடகையே இல்லாவிட்டாலும் பெரியம்மா தங்கமாட்டார். விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டில் இருக்க வேண்டும் அவருக்கு.

ஆகவே பகலில் வந்து போவது எங்களுக்கு அரைகுறைப் பயணம் அல்ல. எங்கள் பயணமே அதுதான்.

அந்தப் பகல் எப்படிப் போகும் என்று ஒருமுறை சொல்லிவிடுகிறேன். உங்கள் குழுவில் யாராவது இதை வந்து பார்த்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம். விடியற்காலை நாலு மணிக்கு வெங்காயம் வதங்கும். எங்கள் ஊர்ப் பிரியாணியில் மசூர்ப் பருப்பும் உருளைக்கிழங்கும் உண்டு, அது இல்லாவிட்டால் மாமா தட்டைத் தொடமாட்டார். பானையின் வாயில் ஈரத் துண்டைச் சுற்றி மூடியை அழுத்தி, பழைய கம்பளியில் பொதிந்து டிக்கியில் வைப்போம். இறக்கும்போது மூடியைத் திறந்தால் ஆவி வரும்; பதினோரு மணிக்கும் வரும். டீக்கு மட்டும்தான் அங்கே அடுப்பு வேண்டும். சாப்பாடு முடிந்ததும் ஆண்கள் நிழல் தேடிப் படுத்துவிடுவார்கள். பெண்கள் நீர்வீழ்ச்சி தெரிகிற மேடை வரைக்கும் மெதுவாக நடப்போம். மூன்றரை, நாலு மணிக்கு வெயில் இறங்கின பிறகுதான் பறவைகள் வெளியே வரும். அந்த நேரத்தில்தான் இருவாச்சி மரத்துக்கு மரம் தாவிக் குழந்தை அழுகிற குரலில் கத்தும். டுராக்கோ என்ற பறவை இறக்கையை விரித்தால் உள்ளே செக்கச்செவேல் என்று தெரியும். அம்மாவுக்கு முழங்கால் வலி, அதிக தூரம் நடக்க முடியாது. பெஞ்சில் உட்கார்ந்தபடியே இவற்றைப் பார்ப்பார். இப்போது மூன்று மணிக்கே மணி அடித்து எல்லோரையும் காருக்கு விரட்டுகிறீர்கள். டர்பனில் ஜூன் மாதத்தில்கூடச் சூரியன் ஐந்து மணிக்குத்தான் மறைகிறது. டிசம்பரில் ஏழு மணி. காட்டில் பார்க்கத் தகுந்த நேரம் முழுவதையும் நீங்கள் தங்குபவர்களுக்கு மட்டும் ஒதுக்கிவிட்டீர்கள்.

போன அக்டோபரில், புரட்டாசி விரதம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. ஒரு மாதம் கறி மீன் தொடாமல் இருந்துவிட்டு வரும் முதல் ஞாயிறு என்றால் எங்கள் தெருவில் அது பண்டிகைக்குச் சமம். நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, உங்கள் மண் சாலையில் குழிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி வந்தேன். இரண்டு இடத்தில் காரின் அடிப்பகுதி தட்டியது. ஒரு பள்ளத்தில் அம்மாவையும் ஆயாவையும் இறக்கி நடக்கவிட்டுத்தான் காரைக் கடத்தினேன். வாசலில் இருந்த காவலர் மரியாதையானவர், அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. பதிவு செய்தீர்களா என்றார். இல்லை, இப்போதே செய்கிறோம் என்றோம். இரண்டு நாள் முன்பே செய்ய வேண்டும் என்று அந்தத் தாளைக் காட்டினார். சரி, வேறு வழி உண்டா என்று கேட்டால், அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள் என்றார். வாசலில் சிக்னல் இல்லை. அவருடைய போனிலும் இல்லை. ஞாயிறன்று அலுவலகத்தில் ஆளும் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. அவர் தோளுக்குப் பின்னால் கார் நிறுத்துமிடம் தெரிந்தது. மூன்று வண்டிகள் நின்றன, எல்லாம் பக்கி என்று நாங்கள் சொல்லும் பெரிய பிக்கப் வண்டிகள். புல்வெளியில் ஒரு மனிதர் இல்லை. மைனாக்கள் மட்டும் மேய்ந்துகொண்டிருந்தன. அவையும் எங்களைப் போல இந்தியாவிலிருந்து வந்து இங்கே பெருகியவைதான்; அவற்றிடம் யாரும் பதிவு எண் கேட்பதில்லை போலிருக்கிறது.

திரும்பி வந்து ஒரு பெட்ரோல் பங்க் வாசலில் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். ஆயா ஒன்றும் பேசவில்லை. மாமாதான், "அந்தக் காலத்தில் போர்டு போட்டிருப்பார்கள், தூரத்திலேயே படித்துத் திரும்பிவிடலாம். இப்போது பெட்ரோலையும் செலவழிக்கவிட்டு அல்லவா திருப்புகிறார்கள்" என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். நீங்கள் நிறம் பார்த்துச் செய்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வெளியே நிற்பவர்கள் பழைய ஆட்களாகவே இருக்கிறார்கள் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

பிறகு முறைப்படி பதிவு செய்தே போனேன். உங்கள் படிவம் மின்னஞ்சல் முகவரி கேட்கிறது. அது இல்லாமல் அடுத்த பக்கம் நகராது. வங்கி அட்டை கேட்கிறது. பிறகு போனுக்கு ஒரு எண் வருகிறது, அதை அடிக்க வேண்டும். முதியோர் உதவித்தொகையை மாதா மாதம் ரொக்கமாக எடுத்துக் கைப்பையில் முடிந்து வைத்திருக்கும் ஆயாக்களில் எத்தனை பேரால் இது முடியும்? நான் செய்துகொடுத்தேன். செய்துகொடுக்க ஆள் இல்லாதவர்கள் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். நீங்கள் அவர்களை உங்கள் கணக்கில் பார்க்கவே மாட்டீர்கள்.

உள்ளே போனதும் கண்டவை: சுற்றுலா வருபவர்களுக்கான கழிப்பறைக்குப் பூட்டு. கதவில் சாக்பீஸால் எழுதிய ஒரு சிலுவைக் குறி. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் குழாய் உடைந்தது, இன்னும் சரி செய்யவில்லை என்று தோட்ட வேலைக்காரர் சொன்னார். அந்த வெள்ளம் எங்களுக்குத் தெரியாததல்ல. டர்பனிலும் சுற்றுவட்டாரத்திலும் நானூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள். உடனே எல்லாம் சரியாகிவிட வேண்டும் என்று கேட்க எனக்கு மனம் வராது. ஆனால் அதே வெள்ளத்தில் அடிபட்ட மர வீடுகளுக்குப் புதிதாகக் கூரை வேய்ந்து, முன்னால் பலகைத் தளமும் போட்டிருக்கிறீர்கள். அங்கே போய்ச் சேர்ந்த தண்ணீர்க் குழாய் ஐம்பது அடி தள்ளி இருக்கும் கழிப்பறைக்கு வரவில்லை. எழுபது வயதுப் பெண்கள் புதருக்குப் பின்னால் போக வேண்டியிருந்தது. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்குக் கூசுகிறது.

அந்தப் புதரும் காட்டுப் புதர் அல்ல, உண்ணிச்செடி. எங்கள் பிள்ளைகள் ஓடி விளையாடிய புல்வெளியில் பாதியை அது பிடித்துவிட்டது. அயல் தாவரங்கள் பற்றிய அரசு விதிகளில் உண்ணிச்செடி 1பி பிரிவில் இருக்கிறது. அதாவது அது வளர்ந்திருக்கும் நிலத்துக்குச் சொந்தக்காரர் அதைக் கட்டுப்படுத்தியே ஆக வேண்டும். என் வீட்டுக் கொல்லைக்கு அந்தச் சட்டம் உண்டு. காப்புக்காட்டுக்கு இல்லையா?

உங்கள் பக்கத்து நியாயங்களையும் கேட்டேன். நெருப்பு அபாயம் என்கிறீர்கள். உண்மைதான். குளிர்காலத்தில் புல் காய்ந்து, உள்நாட்டிலிருந்து பெர்க் காற்று என்ற வறண்ட வெப்பக் காற்று அடிக்கும்போது ஒரு பொறி போதும். அதற்காகத்தான் இந்த நாட்டில் நெருப்பு அபாயத்தை நாள்தோறும் நீலம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் போட்டு அறிவிக்கிறார்கள். ஆரஞ்சும் சிவப்பும் வரும் நாளில் தடை போடுங்கள், ஒரு வார்த்தை கேட்கமாட்டோம். பிப்ரவரி மழையில் நனைந்து சொட்டுகிற புல்லில், கறி சுடுவதற்கென்று கட்டிய பிராய் அடுப்புக்குள் ஒரு கெட்டில் வைக்கவும் தடை என்றால் அது நெருப்புக்குப் பயந்து போட்டது அல்ல. அதோடு, மர வீடுகளின் முன்னால் வருடம் முழுக்க பிராய் எரிகிறதே, அந்தப் பொறி பறக்காதா?

குப்பை போடுகிறார்கள், பாட்டுப் பெட்டியை அலறவிடுகிறார்கள், குடிக்கிறார்கள், குரங்குக்குத் தீனி போடுகிறார்கள் என்பதும் உங்கள் புகார். ஆமாம், எங்கள் ஆட்களிலும் அப்படிச் செய்கிறவர்கள் உண்டு. பிடித்து அபராதம் போடுங்கள், வண்டி எண்ணை எழுதி அடுத்த தடவை உள்ளே விடாதீர்கள். தப்புச் செய்தவனை விட்டுவிட்டு வரிசையில் நின்ற எல்லோரையும் திருப்பி அனுப்புவது நிர்வாகம் அல்ல, சோம்பல்.

வழிப்பறி நடந்த பிறகுதான் நேரத்தைக் குறைத்தோம் என்றும் சொன்னார்கள். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நடைபாதையில் போனைப் பறிகொடுத்தவர்களை எனக்கே தெரியும். ஆனால் ஒரு இடம் எப்போது பயமாக இருக்கிறது? ஆள் இல்லாதபோது. முன்பெல்லாம் ஞாயிறன்று அந்த மைதானத்தில் இருபது குடும்பம் இருக்கும். ஜூலு குடும்பங்கள், தேவாலயத்திலிருந்து வெள்ளை உடையில் வந்தவர்கள், நாங்கள், கிரிக்கெட் மட்டையோடு டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதிப் பையன்கள் என்று கலகலவென்று இருக்கும். அந்தக் கூட்டத்தில் யாரும் யாருடைய பையையும் தொட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. பனை போலிருக்கும் அரிய சைக்காட் செடிகளைத் தோண்டித் திருடுகிறவர்களும் ஆள் நடமாட்டம் உள்ள இடத்துக்கு வரத் தயங்குவார்கள். மக்களை வெளியேற்றிவிட்டு, காலியான காட்டைக் காக்க ஆள் போதவில்லை என்கிறீர்கள்.

இது முடியாத காரியம் ஒன்றும் அல்ல. க்ரூகரில் வாசல் மூடும் நேரம் மாதத்துக்கு மாதம் பகலின் நீளத்தைப் பார்த்து மாறுகிறது. பகல் பயணிகளுக்கென்று தனியே இடம் உண்டு, அங்கே சமைக்க கேஸ் அடுப்பு வாடகைக்குக் கொடுக்கிறார்கள். சிங்கமும் யானையும் திரிகிற இடத்தில் அதை நடத்திக் காட்டுகிறார்கள். உங்களிடம் இருப்பது மான்களும் குரங்குகளும். தேசியப் பூங்காக்களில் 2006 முதல் ஆண்டுக்கு ஒரு வாரம் நம் நாட்டு அடையாள அட்டை காட்டினால் பகலில் நுழைவு இலவசம். எஷோவேயில் டிலின்சா காட்டில் 125 மீட்டர் நீளத்துக்கு மரப் பாலம் போட்டிருக்கிறார்கள். தரையிலிருந்து பத்து மீட்டர் உயரத்தில், மரத் தலைகளின் நடுவே நடக்கலாம். என் அம்மா அங்கே நடந்தார், படியேறாமல், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. வயதானவர்களையும் மனதில் வைத்து ஒருவர் யோசித்திருக்கிறார் என்பது அந்தப் பாலத்தில் கால் வைத்ததும் தெரிந்தது.

1996 அரசியல் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, சுற்றுச்சூழலை இன்றைய தலைமுறைக்காகவும் வரும் தலைமுறைக்காகவும் காக்கச் சொல்கிறது. அறை பதிவு செய்தவர்களுக்காக என்று அதில் இல்லை.

இனி நான் கேட்பவை.

வாசலில் ரொக்கம் வாங்குங்கள், வந்த அன்றே உள்ளே விடுங்கள். கூட்டம் அதிகமாகும் என்ற பயம் இருந்தால் வண்டிகளுக்கு ஒரு வரம்பு வையுங்கள். அந்த வரம்பில் பாதியை வாசலில் வருகிறவர்களுக்கென்று ஒதுக்குங்கள், மற்ற பாதி இணையத்துக்குப் போகட்டும். மூடும் நேரத்தைக் குளிர்காலத்தில் ஐந்து மணிக்கும் கோடையில் ஆறரைக்கும் மாற்றுங்கள். கட்டிய அடுப்புகளில் நெருப்புக்கு அனுமதி கொடுங்கள், அபாய நாட்களில் தடையை வாசலில் பெரிய நிறப் பலகையாக வையுங்கள். அடுப்பு வேண்டவே வேண்டாம் என்றால் கேஸ் அடுப்புக்காவது இடம் காட்டுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் கழிப்பறை. குழாய் வேலை இழுக்கும் என்றால் அதுவரை வாடகைக் கழிப்பறைகள் இரண்டையாவது கொண்டுவந்து வையுங்கள், ஒன்றில் சக்கர நாற்காலி நுழைய வேண்டும். டிசம்பர் விடுமுறைக்குள் இது நடந்தாக வேண்டும். மண் சாலையைக் கிரேடர் விட்டுச் சமப்படுத்துங்கள். அது உங்கள் பொறுப்பு இல்லை, நகராட்சியுடையது என்றால் அவர்களுக்கு நீங்கள் எழுதிய கடிதத்தின் நகலைக் காட்டுங்கள். உண்ணிச்செடியை வெட்ட ஆள் இல்லை என்றால் சொல்லுங்கள். எங்கள் கோயில் இளைஞர்கள் ஒரு சனிக்கிழமை கையுறையோடு வருவார்கள், நான் பேசிவிட்டேன். வேர் எடுப்பது எப்படி என்று காட்ட உங்கள் ஆள் ஒருவர் நின்றால் போதும்.

கடைசியாக, இந்த விதிகளை யார், எந்தக் கூட்டத்தில், எந்தக் காரணம் சொல்லி முடிவு செய்தார்கள் என்ற குறிப்பையும், 2022-க்குப் பிறகு மர வீடுகளுக்கும் பகல் மைதானத்துக்கும் தனித்தனியே எவ்வளவு செலவானது என்ற கணக்கையும் வெளியிடுங்கள். ஒரு கூட்டம் கூட்டி எங்களையும் கூப்பிடுங்கள், ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து. வேலை நாளில் வைத்தால் நாங்கள் வர முடியாது.

இந்த மாத முடிவுக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் தகவல் அறியும் சட்டத்தின்கீழ் விண்ணப்பம் தருவேன். அதற்கு நீங்கள் முப்பது நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். படிவம் 2-ஐ நிரப்பிவிட்டேன், தேதி மட்டும் போடவில்லை.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த்திலிருந்து பகலில் வந்து போகிற ஒருத்தி